நாற்பத்தொன்பதாவது மணி

(நாஞ்சில் நாட்டுக் கிளைத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றதும், டில்லியில் தொடங்குவான், கோட்டையில் முடிப்பான் என்று எண்ணியிருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது முறிந்த எலும்பைப் பற்றி. மாவுக்கட்டுப் போட்ட காலைப் பற்றி. மூன்று மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காத ஒரு மனிதனைப் பற்றியும், அந்தக் கட்டிலின் காலடியில் அமர்ந்து கடன் கணக்கை விரல்விட்டு எண்ணும் அவன் மனைவியைப் பற்றியும். இது அரசியல் மேடைக்கு உரிய பொருளா என்று முன்வரிசையில் ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். அரிசி விலை அரசியல் என்றால், ஆற்று நீர் அரசியல் என்றால், அடிபட்டவன் எழுந்து நடப்பதும் அரசியல்தான், ஐயா!

எண்களைக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குத் தந்தது. காயமுற்றவர்கள் 4,43,366 பேர். அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நேர்ந்த மாநிலம் எது? தமிழ்நாடு! 64,105 விபத்துகள். 17,884 சாவுகள். வகுத்துப் பாருங்கள், நாள் ஒன்றுக்கு 49 உயிர். படையெடுத்து எவனும் வரவில்லை, பஞ்சம் வரவில்லை, கொள்ளை நோய் வரவில்லை. காலையில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டவர்கள் மாலையில் வீடு திரும்பவில்லை.

மாண்டவர்களை நாடு எண்ணுகிறது. மாலை போடுகிறது. படம் மாட்டுகிறது. காயமுற்ற நாலரை இலட்சம் பேர் என்ன ஆனார்கள்? எத்தனை பேர் மீண்டும் நடந்தார்கள்? எத்தனை பேர் மீண்டும் தொழிலுக்குப் போனார்கள்? எத்தனை வீட்டில் தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போயிற்று? எத்தனை வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் புத்தகத்தை மூடிவிட்டுப் பட்டறைக்குப் போனான்? நாம் பேச வேண்டிய இடம் அது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரத்தில் புறப்படும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை வந்து முடிவது நம் குமரி முனையில். மும்பைக்கு அருகே பன்வேலில் புறப்படும் 66-ஆம் எண் நெடுஞ்சாலை வந்து முடிவதும் நம் குமரி முனையில். பாரதம் முழுவதையும் அளந்து வரும் இரண்டு பெருஞ்சாலைகள், நான்கே தாலுகாக்களாகத் தாய்த் தமிழகத்தோடு 1956 நவம்பர் 1-ஆம் நாள் வந்து சேர்ந்த இந்தச் சின்னஞ்சிறு மாவட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. களியக்காவிளையில் தொடங்கி மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரை, ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாது. வீட்டு வாசற்படி இறங்கினால் நெடுஞ்சாலை! பள்ளிக்கூட மணி அடித்தால் நெடுஞ்சாலை! கோயில் நடை திறந்தால், மாதா கோயில் பூசை முடிந்தால் நெடுஞ்சாலை! பாறையும் மணலும் சுமந்து டாரஸ் லாரி உறுமிக்கொண்டு வரும். அதன் முன்னே மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு தந்தை ஸ்கூட்டரில் போவார். அதன் பின்னே அரசுப் பேருந்து அலறும். விபத்து நடக்காத நாளில்தான் நாம் வியப்படைய வேண்டும்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்கு நடந்தவன் நான். மருத்துவம் கற்றவனல்லன், சட்டம் பயின்றவனல்லன். ஆனால் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவே ஒரு காலத்தில் மனிதன் எப்படிச் செத்தான் என்பதைப் படித்தபோது, எந்த நாடக ஆசிரியனும் எழுதத் துணியாத காட்சியாக அது எனக்குப் பட்டது.

1980-களின் இறுதி. வடபுலத்தில் ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் இடித்துத் தள்ளியது. குருதி சொட்டச் சொட்ட அவரை அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஒருவர் தூக்கிச் செல்கிறார். “இது போலீஸ் வழக்கு, இத்தகைய வழக்குகளைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு செல்” என்கிறார்கள். கொண்டு சென்றார். வழியிலேயே உயிர் பிரிந்தது. காயம் கொன்றதா, கடுதாசி கொன்றதா? இந்தச் செய்தியை நாளேட்டில் படித்த ஒருவர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பரமானந்த் கட்டாரா வழக்கு என்று அதற்குப் பெயர். 1989 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, எவராயினும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், போலீசு நடைமுறை பிறகு பார்த்துக்கொள்ளலாம்! எழுதி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவசரப் பிரிவின் வாயிலில் “போலீஸ் வந்தாச்சா?” என்று கேட்கும் குரல் ஒலித்தால், அங்கே நின்று “1989-ஐயா, 1989!” என்று சொல்லும் நாவு நம் தோழனுக்கு வேண்டும்.

தூக்கி வருகிறவனுக்கு இருந்த அச்சம் இன்னொரு கதை. “நமக்கேன் வம்பு? சாட்சிக்கு இழுப்பார்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், முன்பணம் கட்டச் சொல்வார்கள்” என்று வேடிக்கை பார்த்தவர்கள் எத்தனை பேர்! அந்த அச்சத்துக்கு 2016 மார்ச் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று புதுப் பிரிவே சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவ வந்தவர் மீது வழக்கில்லை. பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையில் விட்டுவிட்டு அவர் போகலாம். எவரும் தடுத்து நிறுத்தக் கூடாது. காசு கேட்கக் கூடாது. இதை நம் கிளைப் படிப்பகத்தின் சுவரில் எழுதி வையுங்கள்.

பிறகு 108 வந்தது. 2008 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய அந்த ஊர்தியின் ஊதல், இன்று குமரிக் குழந்தைக்கும் தெரிந்த இசை. அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து, எவனுடைய உயிர் ஊசலாடுகிறதோ அவனை முதலில் பார்க்கும் முறை வந்தது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் தொடங்கிற்று. 201 அரசு மருத்துவமனைகள், 408 தனியார் மருத்துவமனைகள், மொத்தம் 609. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவன் எந்த ஊரானாயினும், எந்த மாநிலத்தானாயினும், அயல்நாட்டானாயினும், முதல் 48 மணி நேர மருத்துவத்துக்கு அவனிடம் காசு கேட்கக் கூடாது, அரசே கட்டும். ஆளுக்கு 1 இலட்சம் ரூபாய் என்று தொடங்கி, பின்னர் 2 இலட்சமாக உயர்ந்தது. 81 வகைச் சிகிச்சைகள் அதில் அடங்கின.

டில்லிக்கு இந்த அறிவு வர எத்தனை நாளாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பொன்னான முதல் ஒரு மணி நேரத்தில் கட்டணமின்றி மருத்துவம் தர வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது 2019-இல். அந்தப் பிரிவு நடப்புக்கு வந்தது 2022 ஏப்ரல் 1-இல். திட்டம் மட்டும் வரவில்லை! கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.இராஜசேகரன் 2012-இலேயே தொடுத்திருந்த பொதுநல வழக்கில், 2025 சனவரி 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்குக் கெடு வைத்தது. அதன் பிறகே, 2025 மே மாதத்தில், நாடு முழுமைக்கும் ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை என்று திட்டம் பிறந்தது. முடநீக்கியல் மருத்துவர் ஒருவர் வழக்காடியல்லவா அரசாங்கத்தின் கால்களை நடக்க வைக்க வேண்டியிருந்தது!

நல்லது. உயிர் பிழைத்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் கடந்தது. நாற்பத்தொன்பதாவது மணி அடிக்கிறது. அப்புறம்?

நாடகக்காரனாகிய எனக்கு ஒன்று தெரியும். கதையில் யாரையேனும் அகற்ற வேண்டுமென்றால் விபத்துக் காட்சி எழுதுவது எளிது. பின்திரையில் இரண்டு விளக்கு, ஒரு கிறீச்சொலி, ஓர் அலறல், திரை விழும். அவையோர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். திரை விழுந்த பிறகு அந்தப் பாத்திரம் என்ன பாடுபடும் என்று எவரும் எழுதுவதில்லை. கைத்தட்டல் வராத காட்சி அது. அதை இன்று எழுதிக் காட்டுகிறேன்.

குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவன். பெயர் வைக்கவில்லை, உங்கள் ஊரில் தேடினால் நீங்களே பெயர் வைத்துக்கொள்வீர்கள். கோழி கூவுமுன் எழுவான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேடு பள்ளத்தில் மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து, நிமிர்ந்து, பட்டையைச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைப்பான். கால் இருந்தால்தான் அந்தத் தொழில். இருட்டில் மொபெட்டில் போகும்போது எதிரே வந்த வண்டி இடித்தது. தொடையெலும்பு இரண்டாயிற்று. 108 வந்தது. ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டு போனார்கள். எலும்புக்குள் கம்பி செலுத்தினார்கள். பிழைத்தான். சில நாளில் மருத்துவர் சொல்கிறார்: “வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.” அவன் மனைவி கேட்கிறாள்: “இனி என்னவாக்கும் சார் செய்யணும்?” “ஓய்வு கொடுங்கள், பயிற்சி செய்யச் சொல்லுங்கள், ஆறு வாரம் கழித்து வாருங்கள்.” அடுத்த நோயாளி காத்திருக்கிறார். மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பின்னால் நிற்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு! எத்தனை அழகான சொல்! ஓய்வெடுத்தால் உலை எப்படி எரியும்? பயிற்சி! யார் சொல்லித் தருவது? மலையடிவார ஊரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவிலுக்கு ஆட்டோவில் வர வாடகை எங்கே? போகவில்லை. முழங்கால் மடங்காமல் இறுகிப்போகிறது. எலும்பு கூடிவிட்டது, தோழர்களே, கால் கூடவில்லை. ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலோடு நிற்கிறான். தோட்டத்தில் அவன் மரங்களை வேறொருவன் வெட்டுகிறான். அரசுக் கணக்கில் அவன் காப்பாற்றப்பட்டவன். வீட்டுக் கணக்கில் அவன் இன்னும் விபத்திலேயே கிடக்கிறான்.

48 மணி நேரத்துக்குப் பிறகு என்ன என்பதைத் திட்டத்தின் விதியே சொல்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்க்கு, அந்தக் காப்பீட்டில் மருத்துவம் தொடரும். அட்டை இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும். தனியார் மருத்துவமனையிலேயே தங்கினால் கைப்பணம்தான். ஆகவே உங்கள் கிளையில் எத்தனை வீட்டில் அந்த அட்டை இருக்கிறது என்று நாளைக்கே கணக்கெடுங்கள். அடிபட்ட பிறகு அட்டைக்கு ஓடுவது, வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டுவது.

முதுகுத்தண்டு முறிந்தவன் நிலையோ இதனினும் கொடிது. முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அறுந்த படைவீரரில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டார்கள். இரண்டாம் போரின்போது, இட்லரின் செர்மனியிலிருந்து உயிர் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு பிரிவைத் தொடங்கினார். என்ன மாயம் செய்தார்? இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார்! நள்ளிரவிலும் புரட்டினார். புண் ஆறியது, உயிர் நின்றது. பிறகு பந்தையும் வில்லையும் கையில் கொடுத்தார். 1948-இல் அங்கே சக்கர நாற்காலி வீரர்கள் அம்பெய்த போட்டியே, இன்று உலகம் கொண்டாடும் பாராலிம்பிக்கின் வித்து.

சீமைக்கதை வேண்டாமென்றால், நம் வேலூருக்கு வாருங்கள். மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர். 1954-இல் தோழியரோடும் தோழரோடும் உலாச் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, தண்டுவடம் அறுந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி மூலையில் முடங்க வேண்டியதுதான் என்றா விட்டார்கள்? தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை, உட்கார்ந்தே செய்யலாம் என்று மருத்துவர் பால் பிராண்ட் வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்தப் பெண்மணி கத்தி பிடித்தார்! பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தையே உருவாக்கினார். இன்னும் அருகே வாருங்கள். தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.இராமகிருஷ்ணன், தமக்கு மறுவாழ்வு தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆரல்வாய்மொழியைத் தாண்டிச் சில மணி நேரப் பயணம்தான். முடியாது என்கிறவனை அங்கே கூட்டிச் சென்று காட்டுங்கள்.

நம் நாஞ்சில் மண் மருத்துவத்துக்குப் புதியதன்று. நெய்யூரில் 1838-இலேயே மருத்துவப் பணி தொடங்கிற்று. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற 1922-இல் வந்த சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் நெய்யூர் மருத்துவமனையையும் அங்கே காத்திருந்த கூட்டத்தையும் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாழ்வை உதறிவிட்டு இங்கேயே வந்து தங்கினார். வடசேரியில் கேத்தரின் பூத் மருத்துவமனை உண்டு. காசநோயாளிகள் காற்று வாங்கிய ஆசாரிப்பள்ளத்தில் 2001-இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. இவை அனைத்துக்கும் முன்பே நம் வர்ம ஆசான்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

ஆசான்களைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் சிலர் சினப்பார்கள். சொல்லாமல் போனால் நான் நாஞ்சில் நாட்டுக்கு நன்றி கெட்டவன். சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் அவர்கள் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மருத்துவமனையில் கம்பி வைத்த காலை, “கம்பியாவது கிம்பியாவது, நம்ம ஆசான் மூன்று எண்ணெயில் சரிபண்ணுவார்” என்று பாதியில் கொண்டுபோய் உழிச்சல் போடாதீர்கள். தண்டுவடம் நசுங்கியவனை மிதித்து எடுக்க விடாதீர்கள். எக்ஸ்ரே பார்க்காமல் அடிபட்ட எலும்பைத் தொடமாட்டேன் என்கிற ஆசான்களும் உண்டு. அவர்களே உண்மையான ஆசான்கள்.

சாலையோரத்தில் நாம் செய்யும் பிழையும் ஒன்றிரண்டல்ல. விழுந்தவனைக் கண்டதும் பாசம் பொங்குகிறது. ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றுகிறார். நினைவிழந்தவனுக்கு அது மூச்சுக் குழலில் இறங்கும். இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறார்கள். மூவராக ஆட்டோவில் மடக்கித் திணிக்கிறார்கள். முறிந்த முதுகெலும்பு அந்த மடக்கில் தண்டுவடத்தை அறுத்துவிடலாம். வண்டி கவிழ்த்ததை நம் அன்பு முடித்துவைக்க வேண்டுமா? குருதி கொட்டும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தை ஆட்டாதீர்கள். தலைக்கவசத்தை இழுத்துப் பிடுங்காதீர்கள். தீயோ, வேறு வண்டியோ மோதும் அபாயம் இல்லையென்றால், 108 வரும் வரை அவரைக் கிடந்தபடியே காத்து நில்லுங்கள்.

இனிக் காகிதப் போர். இதில்தான் ஏழை தோற்கிறான். இடித்த வண்டி நில்லாமல் ஓடிவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று எண்ணிக் கைகழுவுகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல், அப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு 2 இலட்சமும், கொடுங்காயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. மனுவை விசாரிப்பது வருவாய்த் துறை. நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் கோட்ட அலுவலகங்கள் இருக்கின்றன, படியேறுங்கள். வண்டி எதுவென்று தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கேயும் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2022-இல் ஒரு வரம்பு வந்து சேர்ந்தது. மாவுக்கட்டுப் பிரிக்கவே நான்கு மாதம் ஆகிறவனுக்கு ஆறு மாதக் கெடு! அதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்ததென்று மட்டும் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாதென 2025-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை இட்டது. இடைக்கால ஆணையை நம்பி இளைப்பாற வேண்டாம். ஆறு மாதத்துக்குள்ளேயே போடுங்கள்.

இன்னொன்றும் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றில் நாற்பது விழுக்காடு ஊனம் என்று எழுதியிருக்கும். அதைக் காட்டி, “வருமான இழப்பும் நாற்பதுதான்” என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதாடுவார். இராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: இடக்கை இழந்தவன் தச்சனாக இருந்தால், ஓட்டுநராக இருந்தால், அவன் பிழைப்பே போயிற்று, இழப்பு நூற்றுக்கு நூறாகலாம்; அதே கையை இழந்த அரசாங்க எழுத்தர் தம் நாற்காலியில் தொடர்ந்து அமரலாம். உடலின் விழுக்காடு வேறு, உழைப்பின் விழுக்காடு வேறு! நம் ரப்பர்த் தொழிலாளியின் முழங்காலை, கட்டிலில் படுத்திருக்கும்போதல்ல, மரத்தின் முன் நிறுத்தி அளக்க வேண்டும். அதைத் தீர்ப்பாயத்தில் எடுத்துச் சொல்ல அவனுக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். கட்டணம் கொடுக்க இயலாதவனுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

நம்மைப் பற்றியும் பேசிவிடுகிறேன். நம் கட்சி, பிற கட்சி என்று பிரிக்காமல் சொல்கிறேன். 2017 நவம்பரில் கோவையில், விழாவுக்காகச் சாலையை மறித்து நட்ட வளைவில் மோதி ஓர் இளம் பொறியாளர் மாண்டார். 2019 செப்டம்பர் 12-இல் சென்னைப் பள்ளிக்கரணையில், அரசியல்வாதி ஒருவர் வீட்டுத் திருமணப் பதாகை சரிந்து விழ, பணி முடித்துத் திரும்பிய இருபத்துமூன்று வயது நங்கை தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கினாள். எந்தக் கொள்கைக்காக அவர்கள் உயிர் கொடுத்தார்கள்? எவருடைய சிரித்த முகத்துக்காக?

மாநாட்டுக்குக் கொடி கட்டிப் பறக்கும் மோட்டார் சைக்கிள் வரிசையைப் பாருங்கள். தலையிலே துண்டு இருக்கிறது, தலைக்கவசம் இல்லை! 2022-இல் தலைக்கவசம் அணியாமல் இந்தியாவில் மாண்டவர்கள் 50,029 பேர். அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் போற்றிய வீரன், பாலைவனப் போரில் பிழைத்தவன், 1935 மே 13-ஆம் நாள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் இறந்தான். சிகிச்சையளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹ்யூ கேர்ன்ஸ் அதை மறக்கவில்லை. படைவீரர்களின் தலைக்காயங்களை ஆய்ந்து 1941-இல் அவர் எழுதிய பிறகே பிரித்தானியப் படையில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. தலைவனுக்காகத் தலையைக் கொடுப்பேன் என்று முழங்குகிற தம்பிகளே, எந்தத் தலைவனும் உங்கள் தலையைத் தார்ச்சாலையில் கேட்கவில்லை!

ஆட்சியில் அமர்வோர் எவராயினும் அவர்களிடம் நாம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். முதல் 48 மணிக்குக் காட்டிய கனிவை அடுத்த 48 வாரத்துக்கும் நீட்டுங்கள். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் என்று சொல்லித்தான் வந்தது. விபத்தில் அடிபட்டு வீடு திரும்புகிறவர் பெயர், அவர் வீடு சேருமுன் அந்த ஊர் இயன்முறை மருத்துவரின் பட்டியலில் ஏற வேண்டும். ஆசாரிப்பள்ளத்திலும் தக்கலையிலும் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கென்று படுக்கைகள் வேண்டும். அவர்களைப் பேணுவது எப்படியென்று மனைவிக்கும் தாய்க்கும் கற்றுத்தரும் செவிலியர் வேண்டும். கடும் ஊனமுற்றவருக்குத் திங்கள்தோறும் 2,000 ரூபாய் என்று 2023-இல் உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் ஊனம் நிலைத்துவிட்டது என்று சான்று பெறும் வரை, நடுவில் கிடக்கும் அந்த ஆறு மாதம் எட்டு மாதம் அடுப்பெரிய என்ன வழி? மகப்பேற்றுக்கு உதவித்தொகை தரக் கற்ற அரசு, மாவுக்கட்டுக்கும் உதவித்தொகை தரக் கற்கலாம். இந்தக் கோரிக்கையை ஊராட்சித் தீர்மானமாக்குங்கள், சட்டமன்ற உறுப்பினரின் கையில் கொடுங்கள், கொடுத்த நாளை எழுதி வையுங்கள்.

அதுவரை, கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முதல் பக்கத்தில், திட்டத்தில் சேர்ந்த அருகிலுள்ள மருத்துவமனைகளின் பெயர். களியக்காவிளைப் பக்கத்துத் தோழர்கள் இதைத் தெளிவாகக் குறியுங்கள். பழகிய வழியென்று எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு ஓடுகிறவர்கள், தமிழ்நாட்டுத் திட்டம் தமிழ்நாட்டுப் பட்டியலிலுள்ள மருத்துவமனைக்கே உரியது என்பதை அறிந்து ஓட வேண்டும். அடுத்த பக்கங்களில் உங்கள் எல்லைக்குள் அடிபட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அடிபட்ட நாள். முதல் தகவல் அறிக்கையின் எண். காப்பீட்டு அட்டை உண்டா, இல்லையா. கட்டுமானத் தொழிலாளியாயின் நல வாரியத்தில் பதிந்தவரா. இயன்முறைப் பயிற்சிக்கு எந்த நாள் போனார், எந்த நாள் போகவில்லை, கூட்டிப்போக ஆட்டோ ஓட்டும் தோழர் யார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா. அந்தப் பக்கத்தின் தலையிலே, சிவப்பு மையில், விபத்து நாளிலிருந்து ஆறாவது மாதம் முடியும் தேதி.